பைப்பிங்கை நான்தான் பிரிப்பேன்

அந்த நாற்காலியில் யாருமே உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்று பல் டாக்டரின் மனைவி வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"பல்லு பிடுங்க வர்றவங்க எந்த நாற்காலியில ஆசையா உட்கார்ந்திருக்காங்க?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. டிரைவர் நாற்காலியை இறக்கிக் கடைக்குள் வைத்த பிறகும் அதிலிருந்து தள்ளியே நின்றுகொண்டார். "கைப்பிடி ஓரத்துல அழுத்திப் பாரும்மா. அழுத்திட்டுக் கையை எடு."

அழுத்தினேன். மெரூன் நிறத் தோல். கைப்பிடிகளின் தையல் ஓரமாகப் பென்சில் கனத்துக்கு உருண்டு ஓடியது பைப்பிங். விரலை எடுத்ததும், பள்ளம் விழுந்த இடம் மெல்ல, தூங்குகிறவர் மூச்சை இழுப்பதுபோல, எழுந்து நின்றது.

பைப்பிங் அப்படிச் செய்யக் கூடாது. அதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. நீளமாக வெட்டிய தோல் பட்டைக்குள் பஞ்சுக் கயிற்றை வைத்து மடித்து, கயிற்றை ஒட்டினாற்போலத் தைத்தால் பைப்பிங். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் அதை நடுவே கொடுத்துத் தைத்தால் ஓரம் எடுப்பாக நிற்கும். நாற்காலி பழசாகிவிட்டால் உள்ளே கயிறு நசுங்கிவிடும். அமுக்கினால் அமுங்கியபடியே கிடக்கும், எங்கள் அப்பாவைப் போல. இது எழுந்தது.

"காத்து ஏதாவது உள்ள போயிருக்கும்" என்றேன். சுத்த உளறல். ஆனால் பட்டம் வாங்கியவள் உளறினால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. படிப்பால் எனக்கு இதுவரை கிடைத்த ஒரே பலன் அது.

"என்னவோ, எல்லாத்தையும் பிரிச்சு மாத்திடு. ஆனா இதே நிறம் வேணும், அசல் தோல். ரெக்சினைப் போட்டு ஒப்பேத்தக் கூடாது."

முன் அறை கடை, பின் அறை வீடு. மரச்சட்டம், ஸ்பிரிங், ஆணி எல்லாம் அப்பா. வேலை செய்யும்போது ஆணிகளை வாயில் கொட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுப்பார். பகலெல்லாம் வாயில் ஆணி இருப்பதால் பேச்சு குறைந்துபோன மனிதர். தையல் எல்லாம் அம்மா. நான் வீட்டின் முதல் பட்டதாரி, ஆகவே ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தேன். போன நேர்முகத் தேர்வில் ஒருவன் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டான். சோபா தைக்கிறார் என்றேன். "அப்போ நீங்க சொகுசா வளர்ந்தவங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். நாங்கள் பாயில் படுக்கிறவர்கள், பிறத்தியார் பின்புறத்துக்குத்தான் மெத்தை தைக்கிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வேலை கிடைக்கவில்லை என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

அந்த நாற்காலி அப்பா செய்தது. அக்கா காணாமல் போன அதே வருடம்.

அக்காவைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் முடியைத்தான் சொல்வார்கள். முழங்காலைத் தொடும் ஜடை, நுனியில் கொஞ்சம் செம்பட்டை. ரோட்டைக் கடக்கும்போது நான் அவள் கையைப் பிடிக்க மாட்டேன், ஜடை நுனியைப் பிடித்துக்கொள்வேன். "என்னை மாடுன்னு நெனச்சியாடி, கயித்தைப் பிடிச்சு ஓட்டிட்டு வர்றே?" என்பாள்.

அவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அப்பா ஒரு சினிமாக் கொட்டகைக்கு இருக்கைகள் தைக்க வெளியூர் போயிருந்தார். பள்ளி விடுமுறை என்று நான் அத்தை வீட்டில் இருந்தேன். நாங்கள் திரும்பி வந்தபோது அக்கா இல்லை. விடியற்காலையில் எழுந்து பார்த்தேன், பாயில் ஆள் இல்லை என்றாள் அம்மா. கல்லூரிக்குப் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டோம். அவள் அங்கே போய்ச் சேரவே இல்லை.

அப்பாவும் நானும் தேடினோம். போலீஸ், ஆஸ்பத்திரி, ரயிலடி, பஸ் நிலையம். அம்மா சொல்லி அனுப்பிய அடையாளம் ஒன்றுதான்: முழங்கால் வரைக்கும் ஜடை. கையில் வைத்திருந்த போட்டோவிலும் அவள் ஜடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். பஸ் நிலையத்தில் முதல் வண்டியின் கண்டக்டர் போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு முடி இருந்தா மறப்பேனா? இப்படி யாரும் ஏறல. தலையைக் குதறி வெச்ச மாதிரி ஒரு புள்ளதான் அன்னிக்கு ஏறுச்சு, சீக்கு போல. ஜன்னலோர சீட்டு கேட்டுச்சு" என்றார். "அது எம்பொண்ணு இல்லீங்க" என்று அப்பா போட்டோவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு அப்பா எங்கே நீள ஜடையைக் கண்டாலும் பின்னாலேயே போவார். ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டாள். "சோபாக்காரருக்கு இந்த வயசுல ஜடை மோகம்" என்று தெருவே சிரித்தது. அவர் மறுத்ததும் இல்லை, விளக்கியதும் இல்லை. வாயில் ஆணி.

கல்லூரி விடுதியில் இருந்தபோது நான் என் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன், அதற்குப் பிறகு வளர்க்கவே இல்லை. கோபத்தில்தான், எதன்மேல் என்று கேட்டால் அன்றைக்கும் தெரியாது, எல்லாவற்றின்மேலும். விடுமுறைக்கு வந்து வாசலில் நின்றேன். அம்மா தைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். மெஷின் நிற்கவில்லை, ஊசி விரலில் இறங்கியது. அதைப் பிடுங்கக்கூடத் தோன்றாமல் என் தலையையே பார்த்தபடி, "வந்துட்டியா?" என்று கேட்டாள். பெற்ற பெண்ணை அவ்வளவு பயத்தோடு யாரும் வரவேற்று நான் பார்த்ததில்லை. "முடிதானே போச்சு, தலையா போச்சு?" என்று கத்தினேன். அவள் விரலோடு ஊசியைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

மெரூன் தோல் பைப்பிங்குக்காகத் தோல் கடைத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் சுருள் சுருளாக ரெக்சின்தான் தொங்கியது. ஒரு கடைக்காரர் உரித்துக் காட்டாத குறையாகச் சொன்னார். "தோல் மாதிரியே இருக்கும்மா, யாரும் கண்டுபிடிக்க முடியாது."

"அந்தம்மா புருஷன் டாக்டர். டாக்டர் மாதிரியே இருக்குறவர்கிட்ட நீங்க பல்லைக் காட்டுவீங்களா?"

"நல்லா வாய் இருக்கு உனக்கு" என்று தலையை ஆட்டினார். "தோல்ல கறுப்பு இருக்கு, பழுப்பு இருக்கு, அதுவும் பை தைக்கிற தடிமன். மெரூன்தான் வேணும்னா நீயே செஞ்சுக்க வேண்டியதுதான்." மெல்லிசாக, துணிபோல மடங்கும் மெரூன் ஆட்டுத் தோல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

செய்யலாம். ஆனால் பட்டையை எந்த அகலத்தில் வெட்டுவது? கயிற்றின் கனம் தெரிந்தால்தான் அகலம் தெரியும். கனம் தெரிய வேண்டுமானால் பழைய பைப்பிங்கைப் பிரிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. பழுதுக்கு வரும் எந்த நாற்காலியிலும் பைப்பிங்கை அம்மாதான் பிரிப்பாள். துணியை யாரும் கிழிக்கலாம், ஆணியை யாரும் பிடுங்கலாம். பைப்பிங்கில் கை வைத்தால் மட்டும், "விடு, பைப்பிங்கை நான்தான் பிரிப்பேன்" என்று ஓடி வருவாள். பின் அறைக்கு எடுத்துப் போய், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு பிரிப்பாள். கயிற்றை மிச்சம் பிடிக்கிறாள், கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். இன்னொன்றும் உண்டு. துணி வெட்டும் பெரிய கத்திரி ஆணியில் தொங்கும். அதை அப்பா எடுப்பார், நான் எடுப்பேன். அம்மா தொட்டு நான் பார்த்தது இல்லை. தோலைக் கத்தியால் கீறுவாள், நூலைப் பல்லால் கடிப்பாள்.

அந்த வாரம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணில் ஏற்கெனவே புகை. பின் அறையில் படுத்திருந்தாள். பல் டாக்டர் வீட்டில் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்கள். சட்டமாவது, மண்ணாவது. பிளேடை எடுத்தேன்.

தையல் இழைகள் டப் டப் என்று விட்டுக்கொடுத்தன. பட்டையின் மடிப்பை நகத்தால் விரித்தேன். வெள்ளையாகப் பஞ்சுக் கயிறு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது. இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. எலி வால் கனத்துக்கு நெருக்கமாகப் பின்னி, துண்டுக்குத் துண்டு நூலால் கட்டி நீட்டிய முடி. தோலின் இருட்டிலிருந்து வெளியே வந்ததும் மேஜைமேல் அது தானாக மெல்லச் சுருண்டது. பழைய எண்ணெய் வாசனை வந்தது. கடைசித் துண்டின் நுனி செம்பட்டை.

கண்ணுக்கு முன்னால் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. ரோட்டைக் கடக்கும்போது அவை பிடித்திருந்த நுனி அது.

"யாருடி பைப்பிங் பிரிக்கிறது?"

உள்ளே இருந்து அம்மா. இழை அறுபடும் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். நான் பிளேடைக் கீழே வைத்தேன். பாய் சரசரத்தது. சுவரைத் தடவிக்கொண்டே வந்து நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"எந்த நாற்காலி?"

"பல் டாக்டர் வீட்டுது."

"உள்ள என்ன இருக்கு?"

பைப்பிங்குக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தையல்காரி கேட்பாளா? இட்டலித் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பதுபோல அல்லவா அது!

"நீயே சொல்லும்மா."

அவள் நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

முதலில் எனக்கு அப்பாமேல்தான் சந்தேகம் போனது. எந்தத் துண்டையும் வீணாக்காத மனிதர். கோணியையும் தென்னை நாரையும் கிழிந்த சட்டையையும் மெத்தைக்குள் திணிப்பவர். "அப்பாதான் வெட்டுனாரா? வெட்டி, நாற்காலிக்குள்ள வெச்சுத் தெச்சாரா? அக்காவை என்ன பண்ணுனார்?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"ஐயோ, அவரை ஒண்ணும் சொல்லாதே. அவருக்கு எதுவும் தெரியாது. நான்தான்."

"நீயா?"

"பெட்டியெல்லாம் கட்டி வெச்சுட்டா. வெளியூரு, ஹாஸ்டலு, யாரு எவருன்னு தெரியாத எடம். நம்ம குடும்பத்துல பள்ளிக்கூடமே முழுசா முடிச்சவங்க கிடையாது. எனக்குப் பயம் வந்துடுச்சுடி. அப்பா சரின்னுட்டாரு, நான் சொன்னா அவ கேக்கல. தூங்கிட்டிருந்தா. ஜடை பாயைத் தாண்டி தரையில கெடந்துச்சு. முடி இல்லாதவ எப்படி வாசப்படி தாண்டுவா, வளர்ற வரைக்கும் வீட்டோட கெடப்பா, அதுக்குள்ள காலேஜுல எடம் போயிரும்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன்."

"அப்புறம்?"

"ஒரே வெட்டுல போகல. கனமான முடி. பாதியில முழிச்சுட்டா, திமிறினா. அப்புறம் எங்கெங்கே வெட்டினேன்னு எனக்கே தெரியல. கடைசியில அவ எதுவும் பேசல. தலையைத் தடவிப் பார்த்துக்கிட்டா, அழக்கூட இல்ல. காலையில எழுந்தா ஆளைக் காணோம். பெட்டி அங்கேயே இருந்துச்சு."

"முடியை ஏன் இதுக்குள்ள வெச்சே?"

"எரிக்க மனசு வரல. பெத்தவ எரிக்கலாமா? குப்பையில போட்டா எவ கண்ணுலயாவது படும். உங்கப்பா ஊர்லேர்ந்து வர்றதுக்குள்ள மெலிசாப் பின்னி, தோலுக்குள்ள வெச்சுத் தெச்சு, சுருளோட சுருளா மாட்டி வெச்சேன். என்கூடவே இருக்கட்டும்னு. ஒரு நாள் பார்த்தா அந்தச் சுருளைக் காணோம். அவருதான் எடுத்து ஏதோ நாற்காலிக்கு அடிச்சு அனுப்பிட்டாரு. எந்த நாற்காலின்னு நான் எப்படிக் கேப்பேன்? என்ன விசேஷம் அந்தச் சுருள்லேன்னு கேட்டா என்ன சொல்வேன்?"

அதிலிருந்துதான் திரும்பி வந்த ஒவ்வொரு நாற்காலியையும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் வெள்ளைக் கயிறு. அதைப் பார்த்து நிம்மதிப்பட்டாளா, ஏமாந்தாளா என்று நான் கேட்கவில்லை. அவள் கை தரையைத் தடவி வந்து மேஜைக் காலைப் பிடித்தது. "சின்னவளே, அதைத் திரும்ப உள்ள வெச்சுத் தெச்சுடுடி. அவங்க நாற்காலி அவங்களோட போகட்டும். உன் கால்ல வேணா விழறேன்."

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. முடிகூட இல்லை, வேறொன்று.

"அம்மா, எங்களைத் தேட அனுப்பும்போது என்ன அடையாளம் சொன்னே?"

அவள் மேஜைக் காலை விட்டாள்.

"முழங்கால் வரைக்கும் ஜடைன்னு சொன்னே. அது கடையில சுருளா மாட்டியிருந்தப்போ, எங்களைத் தெருத்தெருவா அனுப்பி ஜடைக்காரியைத் தேடச் சொன்னே."

"மொட்டைன்னு சொன்னா யார் வெட்டுனதுன்னு கேப்பாங்களேடி."

நான் படித்தது சண்டை போட்டு வாங்கிய படிப்பு என்று ஊரெல்லாம் மார்தட்டிக்கொண்டிருந்தேன். சண்டையே நடக்கவில்லை, அம்மா ஒரு வார்த்தை எதிர்த்ததில்லை. கல்லூரிக்குக் கிளம்பிய அன்று வாசல்வரை வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். என் அம்மாவைப் போல யாருக்கு வாய்க்கும் என்று தோழிகளிடம் பெருமை அடித்திருக்கிறேன். அக்காவுக்குச் செய்ததற்காகத்தான் என்னைத் தடுக்காமல் விட்டிருக்கிறாள்; என் படிப்பு அக்காவின் தலையை மிதித்து ஏறிய படி.

கடை வாசலில் ஏதோ விழுந்த சத்தம். அப்பா. வெளியே சட்டத்துக்கு ஆணி அடித்துவிட்டு எப்போது வந்து நின்றாரோ தெரியவில்லை. வாயிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தார். எல்லாம் வந்துவிட்டதா என்று நாக்கால் துழாவிப் பார்த்துக்கொண்டார். பிறகு மேஜைமேல் சுருண்டு கிடந்ததைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவே இல்லை.

"ஜன்னலோர சீட்டு கேட்டுச்சாம்" என்றார்.

எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை. அந்தக் கண்டக்டர் சொன்னதை நாங்கள் அவளிடம் சொன்னதே இல்லை. நம் வீட்டுப் பெண் இல்லை என்றான பிறகு எதற்குச் சொல்வது?

"நான்தான் சொன்னேன், எம்பொண்ணு இல்லேன்னு. எம்பொண்ணுதான் அது. எம்பொண்ணே இல்லேன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவர் அழுதிருந்தால் தேவலை. ஆணிகளை டப்பாவில் போட்டு மூடினார், சட்டையை மாட்டினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அம்மாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். "நீயும் வா. இந்தத் தடவை அடையாளத்தை நீயே சொல்லு, எங்க வாயால சொல்ல வேணாம்."

"கண்ணுல கட்டோடயா?"

"பார்க்க வேண்டியது ஒண்ணும் இல்ல. சொல்லத்தானே போறே, வா."

போலீஸ் ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் போலீஸ் இருந்தார். பொறுமைசாலிதான். பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்.

"அங்க அடையாளம்?"

"முழங்கால் வரைக்கும்..." என்று அப்பா ஆரம்பித்துவிட்டார். பழக்கம். நான் அவர் கையை அழுத்தினேன். அம்மா பெஞ்சில் நுனியில் உட்கார்ந்து என் முழங்கையைப் பற்றியிருந்தாள்.

"தலையில முடி இருக்காதுங்க" என்றாள். "கத்திரியால வெட்டுன தலை. அங்கங்க குதறியிருக்கும்."

"எப்ப காணாமப் போனாங்க?"

அப்பா சொன்னார். பேனா நின்றது. அந்தப் பெண் எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகத்தான் சொன்னார்.

"ஏம்மா, இத்தனை வருஷத்துல முடி வளர்ந்திருக்காதா? இப்ப வந்து மொட்டைத் தலைன்னா நான் யாரைத் தேடுறது?"

உண்மையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தோமே, அதற்கும் காலாவதி தேதி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மேலே மின்விசிறி சுற்றியது. அப்பா எழுந்திருக்கப் போனார்.

அம்மாவின் கை என் முழங்கையை விட்டது. தடவித் தடவி என் தோளுக்கு ஏறியது, கழுத்துக்கு, ஒட்ட வெட்டிய என் தலைக்கு. இடது காது மடலை முன்னால் மடக்கி, அதன் பின்னால் எலும்பு மேட்டில் ஒரு விரலை வைத்தாள்.

"இங்க" என்றாள். "காதுக்குப் பின்னாடி. கத்திரி முனை உள்ள இறங்கிடுச்சு. தையல் போட்டிருக்கணும், போடல. இங்கேர்ந்து இது வரைக்கும் தழும்பு இருக்கும். முடி எவ்வளவு வளர்ந்தாலும் காதை மடக்கிப் பார்த்தா தெரியும்."

"நிச்சயமாத் தெரியுமா? யார் சொன்னது உங்களுக்கு?"

"நான்தாங்க வெட்டுனேன்."

பெண் போலீஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார். அம்மாவின் விரல் என் காதுக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் எழுதி முடிக்கும்வரை நான் தலையை அசைக்கவில்லை.